பேதுருவுக்கு ஒரு சுவிசேஷம், பவுலுக்கு வேறொரு சுவிசேஷமா?

பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடிய கூட்டம் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, மனந்திரும்பி, பாவமன்னிப்புக்கென்று இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுங்கள் என்றார் பேதுரு. பவுலோ கொரிந்து சபைக்கு எழுதும்போது, ஞானஸ்நானம் கொடுக்கும்படி கிறிஸ்து தன்னை அனுப்பவில்லை, சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவே அனுப்பினார் என்கிறார். ரோமர் 3-ஆம் அதிகாரத்தில் மனுஷன் நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார் அதே பவுல். யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்துக்குப் போனால், விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்தான் என்று எழுதியிருக்கிறது.

இவற்றை அடுத்தடுத்து வாசிக்கிறவருக்கு எழும் சந்தேகம் நியாயமானதுதான். இவர்கள் எல்லாரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்களா? இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொன்னவர்கள் இரண்டு வகை. அவர்களுக்குள் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. ஒரு பக்கம், வேதாகமத்தைச் சரித்திர ஆவணமாக மட்டும் வைத்து ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பேராசிரியர்கள். இன்னொரு பக்கம், வேதாகமத்தின் ஒவ்வொரு எழுத்தும் தேவ ஆவியால் அருளப்பட்டது என்று நம்பும் அமெரிக்கப் போதகர்கள். இரண்டு பேரும் கையில் எடுப்பது கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தைத்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கலாத்தியர் நிருபம் கோபத்தில் எழுதப்பட்டது. மற்ற நிருபங்களில் வாழ்த்து முடிந்ததும் வாசகர்களுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வது பவுலின் வழக்கம். இதில் அது இல்லை. நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் அவன் சபிக்கப்பட்டவன் என்று முதல் அதிகாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார். காரணம் இதுதான்: பவுல் உருவாக்கிய சபைகளுக்குள் சிலர் நுழைந்து, யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் போக்கில்தான் பவுல் தன் பழைய கதையைச் சொல்கிறார். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு பர்னபாவோடு எருசலேமுக்குப் போனது, கூடவே கிரேக்கனான தீத்துவை அழைத்துப்போனது, தான் பிரசங்கிக்கிற சுவிசேஷத்தை அங்குள்ள தலைவர்களிடம் தனியாக எடுத்துச் சொன்னது. தீத்துவை விருத்தசேதனம் செய்துகொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எருசலேம் சபையின் தலைவர்களான யாக்கோபு, கேபா (பேதுருவின் இன்னொரு பெயர்), யோவான் மூவரும் வலதுகை கொடுத்து ஐக்கியத்தை உறுதிப்படுத்தினார்கள். நீங்கள் புறஜாதியாரிடம் போங்கள், நாங்கள் விருத்தசேதனமுள்ளவர்களிடம் போகிறோம், தரித்திரரை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்தத் தலைவர்களைப் பற்றிப் பவுல் பேசும் தொனியைக் கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். "எண்ணிக்கையுள்ளவர்கள்", "தூண்களாக எண்ணப்பட்டவர்கள்" என்கிறார்; அவர்கள் எப்படிப்பட்டவர்களாயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அங்கீகாரம் கிடைத்ததைச் சொல்லவும் வேண்டும், அந்த அங்கீகாரத்தை நம்பித் தான் இல்லை என்றும் காட்டவேண்டும். இந்த இழுபறி ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

அடுத்து வருவது அந்தியோகியாச் சண்டை. சீரியாவிலிருந்த அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் மற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்த பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டார். பிறகு யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். கடைசியில், பவுலோடு ஊர் ஊராக அலைந்த பர்னபாவும் அந்தப் பக்கம் போய்விட்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். தான் என்ன சொன்னார் என்பதை விலாவாரியாக எழுதிய பவுல், பேதுரு என்ன பதில் சொன்னார் என்பதை எழுதவேயில்லை. பேதுரு ஒத்துக்கொண்டிருந்தால் கலாத்தியருக்கு அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? அந்தியோகியாவில் அன்றைக்குத் தோற்றது பவுல்தான் என்று இன்றைய அறிஞர்கள் பலர் நினைப்பதற்கு இந்த மௌனமே முக்கியக் காரணம்.

ஆதிச் சபைப் பிதாக்களுக்கு இந்தச் சண்டை பெரிய சங்கடமாக இருந்தது. இதை வைத்து இரண்டு எதிரெதிர்க் கூட்டங்கள் வாதாடின. கி.பி. 144-இல் ரோமச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட மார்சியோன், பவுல் ஒருவருக்குத்தான் சுவிசேஷம் சரியாகப் புரிந்தது, மற்ற அப்போஸ்தலர்கள் அதில் யூத மார்க்கத்தைக் கலந்துவிட்டார்கள் என்றார். அவர் தொகுத்த வேதத்தில் திருத்தப்பட்ட லூக்கா சுவிசேஷமும் பவுலின் பத்து நிருபங்களும்தான் இருந்தன. எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவப் பிரிவினரோ, பவுல்தான் நியாயப்பிரமாணத்தைக் கைவிட்ட துரோகி என்றார்கள். இரண்டு தரப்பும் முடிவில் முட்டிக்கொண்டாலும், அப்போஸ்தலர்களின் செய்தி ஒன்றல்ல என்பதில் ஒத்துப்போனார்கள்.

இதற்குப் பதில் தேடிப் பிதாக்கள் எங்கெங்கோ போனார்கள். அந்தக் கேபா நம் பேதுருவே அல்ல, எழுபது சீஷர்களில் அதே பெயருள்ள வேறொருவர் என்றார் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து. இது தப்பித்துக்கொள்ளும் வழி, வேறொன்றுமில்லை. தெர்த்துல்லியன் சொன்னதில் விஷயம் இருந்தது: பேதுருவின் தவறு நடத்தையில்தான், பிரசங்கத்தில் அல்ல. ஜெரோம் ஒரிகேனின் வழியில் போய், அது இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட நாடகம், மற்றவர்களுக்குப் பாடம் கற்பிக்கப் பேதுரு வேண்டுமென்றே திட்டு வாங்கிக்கொண்டார் என்று விளக்கம் எழுதினார். வட ஆப்பிரிக்காவிலிருந்த அகுஸ்தீனுக்கு இது பொறுக்கவில்லை. வேதத்தில் நல்ல நோக்கத்துக்காக ஒரு பொய் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் எந்த வசனத்தைத்தான் நம்புவது என்று ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்துத் தபாலின் லட்சணம், ஒரு கடிதம் போய்ச் சேரவேயில்லை. இன்னொன்று பெத்லகேமிலிருந்த ஜெரோமின் கைக்கு வருமுன்பே இத்தாலியில் பலர் கையில் சுற்றியது. தன்னைப் பற்றி ஊரே படித்தபிறகு தனக்கு வந்து சேர்ந்த கடிதத்தைப் பார்த்து ஜெரோம் கொதித்துப்போனார். பேதுரு பவுல் சண்டையை விளக்கப்போன இருவரும் சில ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பழைய நெருப்பை மறுபடியும் ஊதிவிட்டவர் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டினாண்ட் கிறிஸ்டியன் பவுர். 1831-இல் கொரிந்து சபையின் கட்சிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைதான் தொடக்கம். "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்" என்று அங்கே கட்சி கட்டினார்களே, அது ஒரு ஊர்த் தகராறு அல்ல, முதல் நூற்றாண்டுச் சபை முழுவதும் இரண்டாகப் பிளந்து கிடந்ததன் அடையாளம் என்றார் அவர். பேதுருவின் யூதக் கிறிஸ்தவம் ஒரு பக்கம், பவுலின் உலகளாவிய கிறிஸ்தவம் மறுபக்கம். பின்னாளில் இரண்டும் சமரசமாகிக் கத்தோலிக்கச் சபை பிறந்தது. அந்தச் சமரசத்துக்காக எழுதப்பட்டதே அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பது அவர் கணக்கு. பவுலின் பெயரிலுள்ள நிருபங்களில் ரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர் ஆகிய நான்கை மட்டுமே அவர் உறுதியாக ஏற்றார். காரணம் எளிது. மற்றவற்றில் அவர் எதிர்பார்த்த சண்டை இல்லை.

இங்கிலாந்து அறிஞர் ஜே. பி. லைட்ஃபுட் இதற்கு எதிராகக் கூச்சல் போடவில்லை. ஆவணங்களின் காலத்தை உட்கார்ந்து நிர்ணயித்தார். முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் (இவர் அலெக்சாந்திரியாக்காரர் அல்ல, ரோமின் கிளமெந்து) நிருபம், பேதுருவையும் பவுலையும் சேர்த்தே சபையின் தூண்களாக நினைவுகூருகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்னாசியு, அதுவும் அந்தச் சண்டை நடந்த அதே அந்தியோகியாவின் கண்காணி (ஆயர்), ரோமருக்கு எழுதும்போது "பேதுருவையும் பவுலையும் போல நான் உங்களுக்குக் கட்டளையிடவில்லை" என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இந்தக் கடிதங்கள் உண்மையானவை என்று லைட்ஃபுட் காட்டியதும், பவுர் சொன்ன நீண்ட போருக்குக் காலமே இல்லாமல் போய்விட்டது. பவுரின் முழுக் கட்டடமும் இன்று நிற்கவில்லை. ஆனாலும் அவர் ஒன்றைச் சாதித்துவிட்டார்: ஆதிச் சபையில் கருத்து வேறுபாடே இல்லை என்று பூசி மெழுக அவருக்குப் பிறகு யாராலும் முடியவில்லை.

சரி, இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜான் நெல்சன் டார்பியிடமிருந்து கிளம்பிய யுகங்களின் போதனை, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை வேதாகமத்தின் வழியாகச் சாதாரண விசுவாசிகளின் மேசைவரை வந்தது. தேவன் ஒவ்வொரு காலகட்டத்திலும் மனிதரோடு ஒவ்வொரு விதமாக இடைப்படுகிறார் என்பது அதன் சாரம். வெளிப்படுத்தின விசேஷம் 14-ஆம் அதிகாரத்துக்கு ஸ்கோஃபீல்ட் எழுதிய குறிப்பு, சுவிசேஷத்தின் நான்கு வடிவங்களைப் பிரித்துக் காட்டுகிறது: ராஜ்யத்தின் சுவிசேஷம், தேவ கிருபையின் சுவிசேஷம், நித்திய சுவிசேஷம், பவுல் "என் சுவிசேஷம்" என்று சொல்வது.

கோடு போட்டுக் கொடுத்தால் அதன்மேல் ரோடு போடுகிறவர்கள் வராமல் இருப்பார்களா? இங்கிலாந்தில் இ. டபிள்யூ. புல்லிங்கர், இன்றைய சபை அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்துக்குப் பிறகே தொடங்கியது என்றார். சிகாகோவில் ஜே. சி. ஓஹேரும் அவருக்குப் பின் கார்னீலியஸ் ஸ்டாமும், அவ்வளவு தள்ளிப் போகவேண்டாம், அப்போஸ்தலர் நடபடிகளின் நடுப்பகுதியில், பவுலின் ஊழியத்தோடு சபை தொடங்கியது என்றார்கள். இவர்கள் கணக்குப்படி பெந்தெகொஸ்தேயில் பேதுரு பிரசங்கித்தது இஸ்ரவேலுக்கு வாக்களிக்கப்பட்ட ராஜ்யத்தின் செய்தி. இஸ்ரவேல் அதைத் தள்ளியதால் அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதுவரை யாருக்கும் சொல்லப்படாத இரகசியம், எபேசியர் 3-இல் உள்ளபடி, பவுலுக்கு வெளிப்படுத்தப்பட்டது. இன்றைய விசுவாசிக்கு நேரடியாக எழுதப்பட்டவை பவுலின் நிருபங்கள் மட்டுமே. யாக்கோபு தன் நிருபத்தைச் "சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கு" என்றுதானே தொடங்குகிறார், அது நமக்கு வந்த தபால் அல்ல என்பார்கள். பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களே என்ற தலைவலி இவர்களுக்கு இல்லை. இருவரும் வேறு வேறு ஆட்களுக்கு வேறு வேறு செய்தி சொன்னார்கள், முரண்பாடு எங்கே என்பார்கள்.

இவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குகிறவர்கள் இவர்களுடைய நல்ல வாதத்தைக் கேட்காதவர்கள். லூக்கா 9-இல் பன்னிரண்டு சீஷர்களும் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷத்தைப் பிரசங்கித்தார்கள் என்று இருக்கிறது. லூக்கா 18-இல் இயேசு தம்முடைய மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் முன்னறிவிக்கும்போது, அவர்களுக்கு அதில் ஒன்றுமே விளங்கவில்லை என்றும் இருக்கிறது. அப்படியானால் சிலுவையைப் பற்றி எதுவும் தெரியாமலே அவர்கள் பிரசங்கித்த அந்தச் சுவிசேஷம் எது? 1 கொரிந்தியர் 15-இல் பவுல் சொல்லும் "கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார்" என்ற சுவிசேஷமாக அது இருக்க முடியாது. இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி. சிலுவைக்கு முன்பு அறிவிக்கப்பட்டதும் பின்பு அறிவிக்கப்பட்டதும் அப்படியே ஒன்றல்ல.

ஆனால் அது சிலுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு. அதைத் தூக்கிக்கொண்டுவந்து, சிலுவைக்குப் பின் பிரசங்கித்த பேதுருவுக்கும் பவுலுக்கும் இடையில் வைப்பதில்தான் கோளாறு. அதற்கு அவர்களுக்கு இருக்கும் பெரிய ஆதாரம் கலாத்தியர் 2:7. பழைய ஆங்கில வேதாகமத்தில் அங்கே "விருத்தசேதனத்தின் சுவிசேஷம்", "விருத்தசேதனமில்லாமையின் சுவிசேஷம்" என்று இரண்டு பொருள்களைப் போலத் தோன்றும் சொல்லமைப்பு இருக்கிறது. நம் தமிழ் வேதாகமம் விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பிரசங்கிப்பது, விருத்தசேதனமில்லாதவர்களுக்குப் பிரசங்கிப்பது என்று வேலைப் பங்கீடாகவே வாசிக்கிறது. இலக்கணத்தை வைத்து மட்டும் வழக்காடினால் இரண்டு தரப்பும் விடியவிடியப் பேசலாம். அதைவிட, அந்தியோகியாவில் பவுல் பேதுருமேல் சுமத்திய குற்றச்சாட்டு என்ன என்று பார்ப்பது பலன் தரும்.

குற்றச்சாட்டு, மாயம்பண்ணினார் என்பது. உள்ளே ஒன்றை நம்பிக்கொண்டு வெளியே வேறொன்றை நடிப்பதுதான் மாயம். பேதுருவின் சுவிசேஷமே வேறாக இருந்திருந்தால், புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகியது அவருடைய கொள்கைக்கு உண்மையாக நடந்துகொண்டதாகவே ஆகும். அவரைத் தவறு என்று சொல்லலாம், மாயக்காரர் என்று சொல்ல முடியாது. பவுலோ, "நாம் யூதராயிருந்தும், விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறோம் என்று அறிந்திருக்கிறோமே" என்ற பொருளில், "நாம்" என்று பேதுருவையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் வாதாடுகிறார். பேதுருவுக்கும் இது ஏற்புடையதுதான் என்ற நிச்சயம் இல்லாமல் இப்படி ஒரு வாதத்தை எடுக்க முடியாது. இரண்டு சுவிசேஷங்களும் தேவனே கொடுத்தவை, அவரவர் கூட்டத்துக்கு அவரவருடையது என்றால் பவுலுக்கு அங்கே கோபப்படவே உரிமையில்லை.

இன்னொரு வசனம் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. கலாத்தியர் 1-இன் கடைசியில், பவுலின் முகத்தைக்கூடப் பார்க்காத யூதேயா சபைகள், நம்மைத் துன்பப்படுத்தினவன் தான் அழிக்கத்தேடின விசுவாசத்தையே இப்பொழுது பிரசங்கிக்கிறான் என்று கேள்விப்பட்டு தேவனை மகிமைப்படுத்தின. அவர் அழிக்கத் தேடியது பேதுருவும் யாக்கோபும் நடத்திய சபைகளின் விசுவாசம். அதைத்தான் அவர் பிரசங்கிக்கிறார் என்று அந்தச் சபைகளே சொன்னதாகப் பவுல் எழுதுகிறார். தன் சுவிசேஷம் மனுஷரால் வந்ததல்ல என்று அடித்துப் பேசும் அதே அதிகாரத்தில் இது வருகிறது என்பதால் இதன் எடை கூடுகிறது. 1 கொரிந்தியர் 15-இல் கேபா, பன்னிருவர், யாக்கோபு என்று உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களை வரிசைப்படுத்திவிட்டு, "நானாகிலும் அவர்களாகிலும் இப்படியே பிரசங்கித்துவருகிறோம்" என்று முடிக்கிறார். பவுரும் ஸ்டாமும் எப்படி வளைத்தாலும் வளைந்துகொடுக்காத வாக்கியம் இது.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருந்தது. செய்தி ஒன்று, அந்தச் செய்தியிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு என்ன பின்தொடர்கிறது என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. இயேசு மரித்து உயிர்த்தெழுந்தார், அவரே கிறிஸ்து என்பதை யாக்கோபும் பவுலும் ஏற்கிறார்கள். சரி, யூதனாகப் பிறந்த விசுவாசி தோராவை, அதாவது நியாயப்பிரமாணத்தை, இனியும் கைக்கொள்ள வேண்டுமா? கைக்கொள்ளாதவனோடு ஒரே பந்தியில் உட்காரலாமா? எருசலேமில் இருந்த யாக்கோபுக்கு இது தத்துவக் கேள்வி அல்ல. ரோம ஆட்சிமேல் வெறுப்பும் தேவாலயத்தின்மேல் வைராக்கியமும் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்த ஊர் அது. நம் ஆட்கள் அந்நியரோடு கலந்து சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சு எருசலேமுக்கு வந்தால் அங்கிருந்த சபைக்குத்தான் ஆபத்து. யாக்கோபு தோராவை மதித்தவர் என்றே பெயரெடுத்திருந்தும், கி.பி. 62-இல் அனனுஸ் என்ற பிரதான ஆசாரியன் அவரை நியாயப்பிரமாணத்தை மீறியவர் என்று சொல்லிக் கல்லெறிந்து கொல்லவைத்ததை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பதிவு செய்திருக்கிறார். ஆகவே அந்தியோகியாவுக்கு ஆள் அனுப்பிய யாக்கோபை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்த உரசல் எவ்வளவு ஆழமானது என்பதைப் பவுல் வசூலித்த பணத்தைப் பின்தொடர்ந்தால் தெரிந்துகொள்ளலாம். தரித்திரரை மறக்கவேண்டாம் என்ற ஒப்பந்தத்தை அவர் விடவில்லை. கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா சபைகளில் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்த்தார். வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொன்னார். 2 கொரிந்தியர் 8, 9 இரண்டு அதிகாரங்களும் இதே பேச்சுதான். கொண்டுபோகும் நேரம் வந்தபோது ரோமருக்கு எழுதுகிறார்: இந்தத் தர்மசகாயம் எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களால் அங்கீகரிக்கப்படும்படி எனக்காக ஜெபம்பண்ணுங்கள். பட்டினி கிடக்கிறவர்களுக்குப் பணம் கொண்டுபோகிறவர், அவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்று பயப்படுகிறார். புறஜாதியாரின் பணத்தை வாங்கினால் அவர்களைச் சகோதரராக ஏற்றதாக ஆகிவிடும், அதுதான் சிக்கல். எருசலேமில் யாக்கோபு அவரை வரவேற்றபோது முதலில் பேசியது நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமுள்ள ஆயிரக்கணக்கான விசுவாசிகளைப் பற்றி. அவர்கள் வாயை அடைக்க, பொருத்தனை செய்த நான்கு பேருக்குப் பவுலே செலவு செய்து தேவாலயத்துக்குப் போகும்படி யோசனை சொன்னார். பவுல் மறுபேச்சில்லாமல் போனார். லூக்கா அந்த அதிகாரத்தில் காணிக்கை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று எழுதிய மனிதர், எருசலேம் சபை அப்படிப்பட்டது என்று நினைத்திருந்தால் அதற்காக ஆண்டுக்கணக்கில் உண்டியல் ஏந்தியிருக்கமாட்டார். அந்தச் சபையும் அவரும் எந்த உரசலும் இல்லாமல் ஒன்றாக இருந்திருந்தால் அந்தப் பயத்துக்கும் இடமில்லை. இரண்டும் சேர்ந்தே உண்மை.

யாக்கோபு நிருபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1522-இல் தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் லூத்தர் அதை வைக்கோல் நிருபம் என்றார். பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே, அதுவும் ஆதியாகமம் 15-இன் அதே வசனத்தையே காட்டி எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிவதால் வந்த குழப்பம் அது. ஆனால் யாக்கோபு தாக்கும் விசுவாசம், பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் ஒப்புதல். குளிரில் நடுங்குகிறவனிடம் "சமாதானத்தோடே போ" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. கலாத்தியர் 5-இல் பவுல் சொல்வது அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம். பவுல் தள்ளும் கிரியைகள் பெரும்பாலும் விருத்தசேதனம், உணவு, நாள் பார்ப்பது போன்றவை. யாக்கோபு கேட்பது அநாதைக்குச் சோறு. பவுலின் வாக்கியங்களைத் தவறாகப் பிடித்துக்கொண்ட யாரையோ யாக்கோபு நிருபம் கண்டிக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அவர்கள் இரு சுவிசேஷக்காரர்கள் என்று முடிவுகட்ட இது போதாது.

ஓஹேருக்கு மிகக் கடுமையாகப் பதில் சொன்னவர் அதே சிகாகோவில் மூடி (Moody) சபையின் போதகராக இருந்த ஹாரி அயர்ன்சைட். அவரும் யுகங்களின் போதனையை ஏற்றவர்தான். அதனால்தான் அவ்வளவு கடுமை. கோட்டை எங்கே நிறுத்துவது என்பதே அவர்களுடைய தகராறு. அவருக்கு இருந்த கவலை நடைமுறை சார்ந்தது: இந்த வழியில் போனால் மலைப்பிரசங்கம் நமக்கல்ல, பரமண்டல ஜெபம் நமக்கல்ல, ஞானஸ்நானம் நமக்கல்ல என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். உண்மையிலேயே அந்தச் சபைகள் பெரும்பாலும் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடுப்பகுதிக்காரர்கள் திருவிருந்தை வைத்துக்கொண்டார்கள், பவுல் 1 கொரிந்தியர் 11-இல் அதைப் போதிக்கிறார் என்பதற்காக. அந்த அதிகாரம் அந்த விருந்தைப் பற்றித் தொடங்குவதோ, கர்த்தராகிய இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே என்று. அன்று இராத்திரி அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பவுல் இல்லை. பேதுரு இருந்தார்.